தெருவாசல் இரட்டையர்

வணக்கம். தெரு தொடங்குகிற இடத்தில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஜோடியாக நிற்கும் கட்டடங்களைப் படம் எடுப்பது என் பல வருஷத்துக் கிறுக்கு. அதில் என்ன இருக்கிறது என்று வீட்டிலேயே கேட்கிறார்கள், நீங்களும் கேட்பீர்கள்.

ரோம் நகரில் பியாட்சா டெல் போபோலோ என்று ஒரு பெரிய சதுக்கம். வடக்கு வாசல் வழியாக நுழைந்தால் எதிரே இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு மாதாகோவில்கள், நடுவில் வியா டெல் கோர்ஸோ, நூல் பிடித்த மாதிரி ஒன்றரை கிலோமீட்டர் ஓடுகிற தெரு. 1660களில் தொடங்கிய வேலை, திட்டம் கார்லோ ரைனால்டியுடையது.

முதல் தடவை எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு, தெருவின் நடுக்கோட்டில் மடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தூணோடு தூண் அழகாக உட்கார்ந்தது, ஆனால் மணிக்கோபுரங்கள் சேரவே இல்லை! அப்புறம்தான் விசாரித்தேன். இடது பக்க மனை குறுகல், அதனால் அங்கே குவிமாடம் நீள்வட்டம், வலது பக்கம் வட்டம். நம் கோவில் தூணை எட்டுப் பட்டை, பதினாறு பட்டை என்போமே, அந்தக் கணக்கில் வலது எட்டு, இடது பன்னிரண்டு. சதுக்கத்தில் நிற்கிறவனுக்கு மட்டும் இரண்டும் ஒரே அகலம். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்!

படம் எடுப்பது லேசில்லை. முகப்பு வடக்கே பார்க்கிறது, மத்தியான வெயில் நேரே லென்ஸில் அடிக்கும், ஆகவே கோடைக்கால விடியற்காலைதான் சரி. 1589இல் நட்ட எகிப்தியத் தூண் வேறு சதுக்கத்தின் நட்டநடுவில் நின்று தெருவை மறைக்கும். தாண்டி முன்னால் போய் அண்ணாந்து எடுத்தால் இரண்டு கோவிலும் பின்னால் சாய்ந்து விழுகிற மாதிரி வரும். நான் அகல லென்ஸ் போட்டு, கேமராவை மட்டமாகவே பிடித்து, கீழே தரை நிறைய வந்தால் வரட்டும் என்று விட்டு, பிறகு வெட்டிவிடுவேன். முக்கியமாக ஒன்று சொல்கிறேன், கவனம் நடுவில் இருக்கிற தெரு மேல் இருக்கட்டும், அதில் ஒரு ஆளாவது நடந்து வரட்டும்.

இப்படிப்பட்ட இரட்டையர் வேறு ஊர்களிலும் உண்டு. புடாபெஸ்டின் 1902ஆம் வருஷத்து க்ளோடில்ட் மாளிகைகள் இன்றைக்கும் நிற்கின்றன. ஸ்டாக்ஹோமில் குங்ஸ்காத்தான் தெருவின் இரட்டைக் கோபுரங்கள், 1924இல் ஒன்று, 1925இல் ஒன்று. பக்கத்திலேயே பாலம் இருக்கிறதே என்று மேலே ஏறிவிடாதீர்கள், கீழே தெருவிலேயே நின்று எடுங்கள். வணக்கம்.