உங்கள் அனுபவத்தில் கடைசி இரண்டு வருடம்

நண்பர்களே, வணக்கம். நாற்பத்தைந்து, ஐம்பது வயதுக்குப் பிறகு மறுபடி வேலை தேடுகிறவர்கள்தான் இங்கே அதிகம். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வயதைப் பார்த்து ஒதுக்குகிறார்கள் என்பது உங்கள் மனப்பிரமை இல்லை. அமெரிக்காவில் ஆய்வாளர்கள் 40,000-க்கும் அதிகமான கற்பனை விண்ணப்பங்களை நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 2019-ல் வெளியான அந்த ஆய்வில், வயது கூடிய விண்ணப்பதாரர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, அழைப்பு குறைவாகவே வந்தது. இத்தனைக்கும் 40 வயதைத் தாண்டியவர்களைக் காக்க அந்த நாட்டில் 1967-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆகவே உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் நேர்முகத்தேர்வு அறைக்குள் அது உங்களுக்கு உதவாது.

அங்கே உதவுவது, எதிரே இருப்பவர் வாய்விட்டுக் கேட்காத சந்தேகத்தைப் புரிந்துகொள்வது. "இந்த வேலைக்கு உங்கள் தகுதி ரொம்ப அதிகமாச்சே" என்கிறார். இதைப் பாராட்டு என்று நினைத்து நன்றி சொல்லிவிடாதீர்கள். வேறு நல்ல இடம் கிடைத்தால் போய்விடுவாரோ, சம்பளம் அதிகம் கேட்பாரோ என்பதுதான் அவர் கவலை. "இந்தப் பொறுப்பு என்னவென்று தெரிந்துதான் விண்ணப்பித்தேன். குழுவை நிர்வகித்தது போதும், நேரடியாக வேலை செய்ய ஆசைப்படுகிறேன். நீங்கள் அறிவித்த சம்பளம் எனக்குச் சம்மதம்" என்று சொல்லுங்கள். அது உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். பொய் முகத்திலேயே தெரிந்துவிடும்.

வயதில் இளையவர் மேலாளராக இருந்தால் ஒத்துப்போவீர்களா என்பது இன்னொரு சந்தேகம். "எனக்கு அதெல்லாம் பிரச்சினை இல்லை" என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். உங்களைவிட இளையவர் ஒருவர் சொல்லி நீங்கள் வேலை முறையை மாற்றிக்கொண்ட ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். அப்படி ஒன்று நிச்சயம் இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், நான் முக்கியமாக நினைப்பது இது. நம்மில் பலர் "எனக்கு இருபத்தைந்து வருட அனுபவம்" என்று ஆரம்பிக்கிறோம். கேட்கிறவர் மனதில் உடனே ஒரு பழைய காலம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பேச்சைக் கடைசி இரண்டு வருடத்திலிருந்து தொடங்குங்கள். சமீபத்தில் எந்த மென்பொருளைக் கற்றீர்கள், எந்தச் சிக்கலைத் தீர்த்தீர்கள், அதனால் எவ்வளவு நேரமோ பணமோ மிச்சமானது? அதைச் சொன்ன பிறகு பழைய அனுபவம் அதற்கு வலு சேர்க்கும். இடையில் வேலை இல்லாமல் இருந்தவர்கள், அந்தச் சமயத்தில் படித்ததையும் பழகியதையும் சொல்லலாம்.

சுயவிவரத்தில் கடைசி பத்துப் பதினைந்து வருடம் போதும். பட்டம் பெற்ற வருடத்தை அவர்கள் கேட்காதபோது நீங்களாக எழுத வேண்டியதில்லை. தலைக்குச் சாயம் பூசுவது உங்கள் விருப்பம். அதைக் கட்டாயம் என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

சில இடங்களில் எதைச் சொன்னாலும் எடுபடாது, முன்கூட்டியே முடிவு செய்திருப்பார்கள். அந்த நிராகரிப்பை உங்கள் திறமையின் கணக்கில் எழுதாதீர்கள். உங்கள் நாட்டில் சட்டப் பாதுகாப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள். கேட்ட கேள்விகளையும் தேதியையும் அன்றே எழுதி வையுங்கள்.

சரி, இனி ஒத்திகை. யாராவது இரண்டு பேர் மேடைக்கு வாருங்கள். ஒருவர் கேளுங்கள், மற்றவர் அந்த இரண்டு வருடத்தைச் சொல்லுங்கள்.