ஆடின காலும் ஒரு கறுப்புக் குடையும்

(தக்கலைப் பக்கம் ஒரு நூலகத்தில் மகளிர் தினக் கூட்டத்தில் பேசியது. எழுதித் தரச் சொன்னார்கள், ஏறக்குறைய பேசினபடியே தருகிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்ற முன்னாள் தலைவர் அவர்களே ('முன்னாள்' என்றதற்குக் கோபிக்க மாட்டார், நம்முடைய நல்ல மனிதர்), பங்குத்தந்தை அவர்களே, கோயில் நிர்வாகக் குழுவின் பெரியவர்களே, ஜமாஅத் தலைவர் அவர்களே, நூலகர் தங்கச்சி, வாசகர் வட்டத்து அண்ணன்மார்களே, மேடையில் இடம் கிடைக்காமல் கீழே அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்கணும். பொன்னாடை போர்த்தினீர்கள், நன்றி. வீட்டில் பதினாறு கிடக்கிறது. அடுத்த முறை அந்தக் காசுக்கு ஒரு வாலிபால் வாங்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுங்கள், நான் போர்த்திக்கொண்ட மாதிரி நினைத்துக்கொள்கிறேன்.

தலைப்பு 'பெண்ணும் விளையாட்டும்'. மூன்று விஷயம் பேசப்போகிறேன். ஒன்று, அம்மா. இரண்டு, சாப்பாடு. மூன்று, மாதவிலக்கு நாட்களில் பயிற்சி. தலைவர் வாட்சைப் பார்க்கிறார். சரி, ஆரம்பித்துவிடுகிறேன்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். நம் ஊரில் இதை ஒரு இளக்காரத்தோடுதான் சொல்வது வழக்கம். என் அம்மா அதைத் தன் காலைப் பார்த்தே சொல்லுவாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் கிளித்தட்டு ஆட்டத்தில் கிளி, கோட்டில் ஓடி எதிரணியைத் தொட்டு மடக்குகிற ஆள். நடுக்கோட்டில் கிளி ஓடுகிற ஓட்டம் உங்களில் நரைத்தவர்களுக்குத் தெரியும். நிலவு நாளில் தென்னந்தோப்பு முழுக்க அவள் சத்தம்தான் கேட்குமாம். தாலி ஏறினதும் ஆட்டம் நின்றது. அப்புறம் அண்டி ஆபீஸ், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கிற கம்பெனி. கொல்லாங்கொட்டையை உடைத்து உடைத்து விரல் நுனியெல்லாம் கறுத்துப்போய், தோல் உரிந்து கிடக்கும்.

அந்தக் கையோடு சாயங்காலம் வந்து, அடுப்புச் சாம்பலைச் சிரட்டையில் அள்ளி, முற்றத்தில் கோடு போடுவாள். நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் ஒரு பக்கம், அவள் தனியாக ஒரு பக்கம். ஏழு வயசுப் பிள்ளைதானே என்று ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. நான் அழுதால், "மூஞ்சியப் பாக்காத மக்களே, இடுப்பப் பாரு. மூஞ்சி பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது" என்பாள். பின்னாளில் நான் உடற்கல்வி படித்தேன், பாடப்புத்தகம் பக்கம் பக்கமாகப் படித்தேன். 31 வருஷம் கபடிப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது கடைசியில் இந்த ஒரு வரியைத்தான்.

இப்போது அந்தக் குடைக் கதை. கேட்டவர்கள் இன்னொரு முறை கேளுங்கள்.

1978. எனக்குப் பதினாலு வயசு. நாகர்கோவிலில் மாவட்டப் போட்டி, 800 மீட்டர். அம்மா அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருந்தாள். ஒரு கையில் தூக்குவாளி, உள்ளே பழஞ்சி. மறு கையில் அப்பாவின் கறுப்புக் குடை. முதல் சுற்று முடியும்போது நான் நாலாவது. மூச்சு இரைக்கிறது. திரும்பிப் பார்த்தால், மைதானத்துக்குள்ளே, புல்லில், எனக்குப் பக்கத்தில் குடை ஓடி வருகிறது! சேலையைத் தூக்கிச் செருகியிருக்கிறாள். தூக்குவாளி ஆடுகிறது, கஞ்சி சிந்துகிறது. "ஓடு மக்களே ஓடு, முன்னால போறவளுக்க இடுப்பப் பாரு!" கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. நடுவர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டே அம்மாவைத் துரத்துகிறார். அவரால் பிடிக்க முடியவில்லை. கிளியல்லவா! வளைவில் ஒரு வெட்டு வெட்டினாள் பாருங்கள், மனுஷன் தொப்பியோடு மணலில் கிடந்தார். நான் சிரித்துக்கொண்டே இரண்டாவதாக வந்தேன்.

வந்து என்ன? பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார்கள். போட்டியில் இல்லாத ஆள் கூடவே ஓடினால் அது உதவி, விதிப்படி தகுதி போய்விடும். நடுவர் செய்தது சரிதான், இன்று நானும் அதையேதான் செய்வேன். அம்மாவுக்கு அது அன்று புரியவில்லை. "எனக்க பிள்ளைய நான் தூக்கிட்டா ஓடினேன்? அவளுக்க காலு, அவ ஓடினா" என்று மேசைக்கு மேசை போய்ச் சண்டை போட்டாள். திரும்பும்போது பஸ்ஸில் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு ஏறுகிற முடுக்கில் நின்று ஒரு கேள்வி கேட்டாள்: "கோட்டுக்கு வெளிய நின்னு கத்தினா குத்தமில்லியே?" அதன் பிறகு நான் ஓடின எல்லாப் போட்டியிலும் கோட்டுக்கு வெளியே ஒரு கறுப்புக் குடை நின்றது.

அந்த 800 மீட்டருக்கு ஒரு வரலாறு உண்டு. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதல்முறையாக அதை ஓடினார்கள். ஓடி முடித்தவர்கள் சோர்ந்து விழுந்தார்கள் என்றும், பெண் உடம்பு தாங்காது என்றும் பத்திரிகைகள் எழுத, ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தது 1960 ரோமில். 32 வருஷம்! அந்த 32 வருஷமும் நம் பெண்கள் தலையில் மீன் கடவத்தோடு மைல் கணக்காக நடந்துகொண்டுதான் இருந்தார்கள். அது தாங்குமாம், இது தாங்காதாம்.

பி.டி. உஷா பிறந்ததும் 1964, நானும் 1964. ஒற்றுமை அதோடு சரி. 1984 லாஸ் ஏஞ்சலஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலம் போனது. அதை நான் அம்மாவுக்கு விளக்கினபோது, விரலைச் சொடுக்கிப் பார்த்து, "இது கூட இல்லியா?" என்று கேட்டுவிட்டு அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. இரண்டு வருஷம் கழித்து சியோல் ஆசியப் போட்டியில் உஷா நாலு தங்கம் வாங்கினபோது தெருவுக்கே கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

போன 2025 நவம்பர் 2, நவி மும்பையில் நம் பெண்கள் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் ஜெயித்து உலகக் கோப்பை வாங்கினார்கள் அல்லவா? எண்பதைத் தாண்டின அம்மா நடுராத்திரி வரை டிவி முன்னால். கிரிக்கெட்டில் அவளுக்கு ஒரு எழவும் தெரியாது. கட்டிலில் கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. ஆடின கால்! கோப்பையைத் தூக்கும்போது, "இந்தப் பிள்ளையளுக்க அம்மைமாரு எங்க நிக்காவ?" என்று திரையில் தேடினாள்.

இதைத்தான் நான் இங்கே கேட்க வந்தேன். நம் ஊர் மைதானத்தில் அம்மைமார் எங்கே நிற்பது? தூத்தூர் பக்கம் கடற்கரை ஊர்களுக்குப் போய்ப் பாருங்கள், பையன்களுக்கு யாரும் கால்பந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, மணலிலேயே முளைக்கிறார்கள். பெண்பிள்ளைகள் ஓரத்தில் நின்று பார்க்கிறார்கள். ஏன்? நம் மைதானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை இல்லை. உடை மாற்ற ஒரு மறைப்பு இல்லை. ஆறு மணிக்கு மேல் வெளிச்சம் இல்லை. நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை, ஒதுங்க ஒரு கூரை இல்லை. எட்டாம் வகுப்பு வரை ஆடுகிற பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் காணாமல் போகிறாள். ஆசை போயா போகிறாள்? காலையில் குடித்த தண்ணீரை வீடு போகும்வரை அடக்கிக்கொண்டு எவள் ஓடுவாள்?

ஒரு அலுவலகத்தில் மூன்று வருஷமாக மனு கொடுக்கிறேன். பெயர் வேண்டாம். முதல் மனு காணவில்லை என்றார்கள். இரண்டாவது மனுவுக்கு, 'பெண்கள் எத்தனை பேர் மைதானத்தைப் பயன்படுத்துகிறார்கள்?' என்று திருப்பிக் கேட்டார்கள். கழிப்பறை இருந்தால்தானே ஐயா வருவார்கள்! மூன்றாவது மனுவை ஊரோடு சேர்ந்து கொடுக்கப்போகிறோம். இரண்டு கழிப்பறை, நாலு விளக்கு, ஒரு தகரக் கூரை, கோட்டுக்கு வெளியே அம்மைமார் உட்கார ஒரு சிமெண்ட் திட்டு. அவ்வளவுதான் கேட்கிறோம்.

தலைவர் இரண்டாவது முறை வாட்சைப் பார்த்துவிட்டார். சாப்பாட்டைப் பற்றி, கப்பலண்டியும் (நிலக்கடலை) முட்டையும் கொடுங்கள் என்பதோடு விட்டுவிடுகிறேன். மூன்றாவது விஷயத்தை இத்தனை ஆண்கள் நடுவே பேசத்தான் ஆசைப்பட்டேன், அதற்கு அடுத்த கூட்டத்தில் முதலிலேயே என்னைக் கூப்பிடுங்கள்.

கையெழுத்து நோட்டு சுக்குக்காப்பி மேசையில் இருக்கிறது. முதல் பெயர் அம்மாவுடையது, எழுத்து கொஞ்சம் கோணல். பேனாவை அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். போன கூட்டத்தில் நாலு பேனா போச்சு.