செய்து முடித்த கேமை ஏன் பூட்டி வைக்கிறார்கள்?

அவையோருக்கு வணக்கம்.

1995இல் ஜப்பானில் ஸ்டார் ஃபாக்ஸ் 2 என்ற வீடியோ கேமைச் செய்து முடித்தார்கள். கடைக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. நிண்டெண்டோ அனுப்பவில்லை. மறு ஆண்டே அந்நிறுவனத்தின் புதிய விளையாட்டுக் கருவியான நிண்டெண்டோ 64 வரவிருந்தது. முப்பரிமாணக் காட்சிகளில் சோனியும் சேகாவும் வேகமாக முன்னேறிக்கொண்டிருந்தன. பழைய சூப்பர் நிண்டெண்டோ கருவிக்கென்று செய்த முப்பரிமாண கேம் அந்த நேரத்தில் வெளிவந்தால் மங்கலாகத் தெரியும். எனவே அது பெட்டிக்குள் போனது. 2017 செப்டம்பரில்தான், சிறிய வடிவில் மறுபடி வந்த சூப்பர் நிண்டெண்டோ கருவிக்குள் வைத்து அதை வெளியிட்டார்கள். இடையில் 22 ஆண்டுகள்.

அவ்வளவு நீண்ட காத்திருப்பு அபூர்வம். ஆனால் சில வாரக் காத்திருப்பு ஏறக்குறைய எல்லா கேமுக்கும் உண்டு. "முடிந்துவிட்டது என்று அறிவித்துவிட்டார்களே, பிறகு ஏன் விற்கவில்லை?" என்று இளையர்கள் கேட்பது நியாயம்தான். சிக்கல், முடிந்தது என்ற அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

இத்தொழிலில் அதற்குக் 'கோல்டு' என்பார்கள். ஒரு காலத்தில் தொழிற்சாலைக்கு அனுப்பிய மூலத்தட்டு தங்க நிறத்தில் இருந்தது; பெயர் அதிலிருந்து வந்தது. தொடக்கம் முதல் இறுதி வரை ஆடலாம், உள்ளடக்கம் முழுதும் இருக்கிறது, இனிப் பிரதி எடுக்கலாம். அந்தச் சொல்லுக்கு இவ்வளவுதான் பொருள். பிழையே இல்லை என்று அது சொல்வதில்லை. 2020 அக்டோபர் தொடக்கத்தில் சைபர்பங்க் 2077 கோல்டு ஆனதாக அறிவித்தார்கள். அதே மாதம் 27ஆம் தேதி, நவம்பர் 19இல் வரவேண்டியதை டிசம்பர் 10க்குத் தள்ளினார்கள். பழைய கருவி, புதிய கருவி, கணினி என்று 9 பதிப்புகளை ஒரே நேரத்தில் சோதிக்க வேண்டியிருந்ததே அவர்கள் சொன்ன காரணம்.

கேமைச் செய்து முடிப்பதற்கும் கடைக்கு அனுப்புவதற்கும் இடையில் நடக்கும் வேலைகளில் மிகக் கடுமையானது சான்றுச் சோதனை. கருவிகளைச் செய்யும் சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ மூன்றுக்கும் தனித்தனி விதிப் பட்டியல் உண்டு. நிண்டெண்டோவின் சோதனைக்கு 'லாட்செக்' என்று பெயர். கேம் சுவையாக இருக்கிறதா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. ஆடிக்கொண்டிருக்கும்போது கண்ட்ரோலரின் மின்கலம் தீர்ந்தால் கேம் தானாக நிற்கிறதா? சேமிக்க இடமில்லாதபோது ஆடியவரின் பதிவு அழிந்துபோகிறதா? கருவியைத் தூங்கவைத்து எழுப்பினால் இணைய ஆட்டம் தொங்குகிறதா? வேறொருவர் தம் கணக்கில் நுழைந்தால் யாருடைய பதிவு திறக்கிறது? இப்படிப் போகும் கேள்விகள். கடுமையான பிழை ஒன்று அகப்பட்டால் போதும், திருத்தி, புதிய பதிப்பைக் கட்டி, மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். ஒரு பிழையைத் திருத்தும்போது இன்னொன்று முளைப்பதும் வழக்கம். அதனால் அனுபவமுள்ள வெளியீட்டாளர்கள் ஒருமுறையாவது தோற்போம் என்று வைத்துக்கொண்டே நாட்காட்டி போடுகிறார்கள். அப்படிப் போடாதவர்களின் தேதிதான் கடைசி வாரத்தில் தள்ளிப்போகிறது.

அடுத்தது வயதுத் தரம். அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் என ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் அமைப்பு. தரம் கிடைக்காமல் பெட்டி அட்டையை அச்சடிக்க முடியாது. இது நமக்கும் தெரிந்த கதைதான். 2007 நவம்பரில் மாஸ் எஃபெக்ட் கேமுக்கு இங்கே சிங்கப்பூரில் முதலில் தடை விதிக்கப்பட்டு, பிறகு 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான எம்18 முத்திரையோடு அனுமதி கிடைத்தது. 2008 ஏப்ரலில் கேம்களுக்கென்றே வகைப்பாட்டு முறை வந்தது. இன்று தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் அதைக் கவனிக்கிறது. 16 வயதுக்கு மேல் ஏற்றது, 18 வயதுக்கு மேல் மட்டும் என்ற முத்திரைகளை நம் கடைகளில் பார்த்திருப்பீர்கள்.

தட்டு அச்சிடுவது, உறையிடுவது, கப்பல் ஏற்றுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எந்த நாட்டுக்குச் சரக்கு கடைசியாகப் போய்ச் சேருகிறதோ, அந்த நாடுதான் உலகத்துக்கே தேதி குறிக்கிறது.

இதுவரை சொன்னது கட்டாயக் காத்திருப்பு. நாட்காட்டியைப் பார்த்து விரும்பிக் காத்திருப்பது வேறு. 2016இல் டைட்டன்ஃபால் 2 அக்டோபர் 28இல் வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னே பேட்டில்ஃபீல்டு 1, ஒரு வாரம் பின்னே புதிய கால் ஆஃப் டியூட்டி. மூன்றும் சுட்டு ஆடும் கேம்கள். முதல் இரண்டுக்கும் வெளியீட்டாளர் ஒருவரே. நல்ல கேம் இருபுறமும் நசுங்கியது. சில மாதம் பூட்டி வைத்திருந்தால் அதன் கதையே வேறாகியிருக்கும் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பாடத்தைச் சிறு குழுக்கள் கற்றுக்கொண்டன. 2025 ஆகஸ்டில், பலரும் ஆவலோடு எதிர்பார்த்த ஹாலோ நைட்: சில்க்சாங் செப்டம்பர் 4இல் வரும் என்று இரண்டு வாரம் முன்னதாக மட்டுமே அறிவித்தார்கள். அதே வாரத்துக்குத் தேதி குறித்திருந்த பல குழுக்கள் உடனே விலகி நின்றன.

உலக நிலவரமும் குறுக்கிடும். அட்வான்ஸ் வார்ஸ் மறுபதிப்பு 2022 ஏப்ரல் 8இல் வரவேண்டியது. படைகளை நகர்த்தி ஊர்களைப் பிடிக்கும் ஆட்டம் அது. பிப்ரவரியில் உக்ரேன் போர் மூண்டதும் நிண்டெண்டோ அதைத் தள்ளிவைத்தது. 2023 ஏப்ரலில்தான் வெளியிட்டது. அந்த முடிவு சரி என்றே நான் நினைக்கிறேன்.

பூட்டி வைப்பதற்கும் விலை உண்டு. 2020 ஏப்ரல் தொடக்கத்தில், கிட்டத்தட்ட முடிந்திருந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தை, கொவிட்-19ஆல் விநியோகம் குலைந்த நிலையில் சோனி காலவரையின்றித் தள்ளியது. மாதம் முடிவதற்குள் கதையின் முக்கியத் திருப்பங்கள் இணையத்தில் கசிந்துவிட்டன. ஜூன் 19இல் கேம் வந்தபோது பலருக்கு முடிவு முன்பே தெரிந்திருந்தது. ஆனாலும் அவசரத்தின் விலை இதைவிடப் பெரிது. சைபர்பங்க்கைத் தள்ளிய 21 நாளும் போதவில்லை. வெளியான எட்டே நாளுக்குள் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது.

நம் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் முதல் கேமை வெளியிடுவதற்கும் இதே கணக்கு உண்டு. 100 அமெரிக்க டாலர் கட்டிய நாளிலிருந்து 30 நாள் காத்திருக்க வேண்டும். விரைவில் வருகிறது என்ற பக்கம் குறைந்தது 2 வாரம் திறந்திருக்க வேண்டும். கடைப் பக்கத்தையும் கேமையும் ஸ்டீம் தரப்பினர் தனித்தனியே பார்வையிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் சில வேலை நாள் ஒதுக்குங்கள். இவை குறைந்தபட்சம் மட்டுமே. கேம் முடிந்த பிறகு 2 மாதம் கையில் வையுங்கள். வாங்க நினைப்பவர்கள் கேமைக் குறித்துவைக்கும் விருப்பப் பட்டியலில் ஆள் சேர அந்தப் பக்கத்துக்கு மாதங்கள் வேண்டும். வெளியீட்டு மின்னஞ்சல் அவர்களுக்கு ஒருமுறைதான் போகும். வெள்ளிக்கிழமை வெளியிடாதீர்கள், வாரயிறுதியில் பிழை திருத்த ஆள் இருக்காது. வெளியீட்டு நேரம் அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணி என்றால் இங்கே நள்ளிரவு தாண்டி 1 அல்லது 2 மணி. பொத்தானை அழுத்தப் போகிறவர் அன்று மாலையே தூங்கி எழட்டும். முதல் பிழைத்திருத்தத்தை ஒருவர் முன்கூட்டியே கட்டித் தயாராக வைத்திருக்கட்டும்.