இரண்டாவது பிள்ளையா, இரண்டாவது பத்தியா? என்த்-சைல்டு எண்ணும் விதம்

[திரையில்: ஒரு ஆர்ட்டிகிள். உள்ளே ஒரு எச்2 தலைப்பு, அதன் கீழ் மூன்று பத்திகள்]

வணக்கம். இந்த ஆர்ட்டிகிளில் இரண்டாவது பத்திக்கு மஞ்சள் பின்னணி வேண்டும். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில், கை தானாகவே பீ:என்த்-சைல்டு(2) என்று எழுதிவிடும்; பீ என்பது பத்திக்கான டேக். எழுதிப் பார்ப்போம்.

[ரீஃப்ரெஷ். முதல் பத்தி மஞ்சளாகிறது]

மஞ்சளானது முதல் பத்தி! பிரவுசர் மேல் தப்பில்லை, நாம் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறது. என்த்-சைல்டு பத்திகளை எண்ணுவதில்லை. ஒரே பெற்றோருக்குள், அதாவது இங்கே ஆர்ட்டிகிளுக்குள், நேரடியாக இருக்கிற எல்லா எலிமெண்ட்டையும் ஒன்றிலிருந்து எண்ணுகிறது. எச்2 ஒன்று, முதல் பீ இரண்டு. அந்த இரண்டாவது எலிமெண்ட் பீ-யாகவும் இருந்தால்தான் ஸ்டைல் விழும்.

ஒரு வீட்டின் இரண்டாவது பிள்ளை வேறு, இரண்டாவது பெண் வேறு அல்லவா? நமக்கு இங்கே வேண்டியது இரண்டாவது பெண். அதற்கு பீ:என்த்-ஆஃப்-டைப்(2). அது ஒரே டேக் உள்ளவற்றை மட்டும் தனியாக எண்ணும்.

[இரண்டாவது பத்தி மஞ்சளாகிறது]

ஃபர்ஸ்ட்-சைல்டுக்கும் இதே கதைதான். மேலே எச்2 உட்கார்ந்திருக்கும்வரை பீ:ஃபர்ஸ்ட்-சைல்டு இந்த ஆர்ட்டிகிளில் எதையும் பிடிக்காது.

சரி, அடைப்புக்குறிக்குள் சூத்திரமும் போடலாம். 3என் என்றால் 3, 6, 9. ஒற்றைப்படைக்கு ஆட், இரட்டைப்படைக்கு ஈவன். எனக்கு மிகவும் பிடித்தது -என்+3. இதில் 'என்' என்ற எழுத்தின் மதிப்பு பூஜ்ஜியத்திலிருந்து ஏறும்: 0 என்றால் 3, 1 என்றால் 2, 2 என்றால் 1. அப்புறம் வருவது பூஜ்ஜியம்; பூஜ்ஜியமாவது பிள்ளை கிடையாது. ஆக, முதல் மூன்று மட்டும் சிக்கும். எச்டிஎம்எல்லில் அடையாளப் பெயராக ஒரு கிளாஸ்கூட எழுதவில்லை!

[திரையில்: ஆறு வரிகள் கொண்ட ரயில் நேர அட்டவணை]

இப்போது நிஜ வேலையில் தலைவலி தரும் இடம். அட்டவணையின் ஒரு வரிக்கான டேக் டிஆர். டிஆர்:என்த்-சைல்டு(ஈவன்) போட்டதும் 2, 4, 6-ஆம் வரிகள் சாம்பல் நிறம். அழகாக இருக்கிறது. இன்று ஓடாத ரயில் என்று 3-ஆம் வரியை மறைக்க அதற்கு ஹிட்டன் போடுகிறோம். 2-உம் 4-உம் அடுத்தடுத்து வந்து, இரண்டு சாம்பல் வரிகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. மறைந்த வரியும் எச்டிஎம்எல்லில் இருக்கிறதே, அதுவும் எண்ணிக்கையில் சேரும்.

'இது அல்லாதவை' என்று சொல்லும் நாட் சேர்த்து, டிஆர்:நாட்([ஹிட்டன்]):என்த்-சைல்டு(ஈவன்) என்று எழுதினாலும் பயனில்லை. நாட் வெளியே நிற்கிறது, எண்ணிக்கையைத் தொடுவதில்லை. அதை அடைப்புக்குள் கொண்டுபோக வேண்டும்:

டிஆர்:என்த்-சைல்டு(ஈவன் ஆஃப் :நாட்([ஹிட்டன்]))

[2-ஆம், 5-ஆம் வரிகள் மட்டும் சாம்பலாகின்றன]

இந்த 'ஆஃப்' வந்ததும் பிரவுசர் முதலில் மறையாத வரிகளைப் பிரித்தெடுத்து, பிறகு எண்ணுகிறது. இப்போது மிஞ்சியவை 1, 2, 4, 5, 6. அவற்றில் இரட்டைப்படை இடத்தில் இருப்பவை 2-உம் 5-உம். வெள்ளை, சாம்பல் என்று மாறி மாறி வருவது பார்க்கவே நிறைவாக இருக்கிறது.

சஃபாரியில் இது 2015-லேயே வந்துவிட்டது. குரோம் 111, ஃபயர்ஃபாக்ஸ் 113 இரண்டும் 2023-இல் சேர்ந்துகொண்டன. ஃபில்டர் மாறும்போதெல்லாம் வரிகளை எண்ணி கிளாஸ் போடும் ஜாவாஸ்கிரிப்ட் உங்கள் புராஜெக்டில் இருந்தால், இனி எடுத்துவிடலாம்.