கொல்லம் ஸ்டேஷனின் கிழக்கு வாசல்

புனலூர், ஆரியங்காவு, செங்கோட்டைப் பக்கத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

கொல்லம் கடற்கரை ஊர்தான். ஆனால் அதன் ரயில் நிலையம் பிறந்தது கடலோரப் பாதைக்காக அல்ல. மலை தாண்டிச் செங்கோட்டைக்குப் போவதற்காக. அந்தச் செங்கோட்டையும் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர்.

நெல்லையிலிருந்து வந்த தண்டவாளம் 1903-லேயே செங்கோட்டையைத் தொட்டுவிட்டது. நடுவில் மலை. அதனால் கொல்லம் பக்கத்துக்கு வேண்டிய இன்ஜினைப் பாகம் பாகமாகத் தூத்துக்குடியில் கப்பலேற்றி, கொல்லம் துறைமுகத்தில் இறக்கித்தான் பூட்டினார்கள். 1904 ஜூன் 1-ல் கொல்லம்–புனலூர் பாதை திறந்தது. நவம்பர் 26-ல் புனலூர்–செங்கோட்டை.

தெற்கே திருவனந்தபுரம் சாக்கைக்கு 1918-ல்தான் ரயில் போனது. வடக்கே எர்ணாகுளத்தோடு இணைந்தது 1958-ல். அதுவரை கொல்லத்துக்காரர் கொச்சிக்கு ரயிலிலேயே போவேன் என்று பிடிவாதம் பிடித்தால் மதுரையைச் சுற்றித்தான் போக வேண்டும். காயல் படகே தேவலை!

1976-ல் கடலோரப் பாதை பிராட் கேஜ் ஆனது. நம் பாதை மீட்டர் கேஜாகவே நின்றது. இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே உள்ள இடைவெளி பிராட் கேஜில் 1676 மில்லிமீட்டர், மீட்டர் கேஜில் 1000. ஒரே ஸ்டேஷனில் சுமார் முப்பது ஆண்டு இரண்டு அகலம். ஒரு பெட்டி மற்ற தண்டவாளத்தில் ஏறாது. மூட்டையை ஆள்தான் மாற்ற வேண்டும். பாதையை மாற்றுவதும் தண்டவாளத்தை அகட்டி வைப்பதோடு முடியாது. பிராட் கேஜ் பெட்டி அகலம், உயரம் இரண்டிலும் பெரியது. பழைய பிளாட்பாரத்தின் விளிம்பு பெட்டியில் உரசும்; தளமோ தாழ்ந்து கிடக்கும். விளிம்பைத் தள்ளிக் கட்டி, தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் வரை உயர்த்த வேண்டும். மலையைக் குடைந்த ரயில் குகைகளிலும் இதே இடைஞ்சல்தான். புனலூர்–செங்கோட்டை மீட்டர் கேஜ் 2010-ல் நின்றது. முழுப் பாதையும் பிராட் கேஜாகத் திறக்க 2018 ஆகிவிட்டது.

மலையேற்றத்தில் பின்னால் ஒரு இன்ஜின் தள்ளுகிறதே, அது வேகத்துக்கு அல்ல. முன் இன்ஜின் மட்டும் இழுத்தால் மொத்தப் பாரமும் முதல் பெட்டியின் கொக்கியில் விழும். அது அறுந்தால் பின்பெட்டிகள் சரிவில் உருளும். பின்னாலிருந்து தள்ளும்போது அந்தப் பாரம் பாதியாகிறது.

கொல்லம் முதல் பிளாட்பாரத்தின் நீளம் 1180.5 மீட்டர். 24 பெட்டி ரயில் இன்ஜினோடு சுமார் 560 மீட்டர் வரும். ஆக இரண்டு ரயில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கலாம். அதனால்தான் 1, 1ஏ என்று இரண்டு எண். அறிவிப்பில் அந்த 'ஏ'யைக் காதில் வாங்காதவர், பெட்டி படுக்கையோடு அரைக் கிலோமீட்டர் ஓட வேண்டியதுதான்.