சேவல் கூவும் வளவில் ஒரு கூடு

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

திருகோணமலையில் பல வருடங்கள் மரவேலை படிப்பித்து ஓய்வு பெற்றவன் என்பதைத் தவிர, கோழிகளைப் பற்றிப் பேசுவதற்கு எனக்கு வேறு தகுதி கிடையாது. ஆனால் உப்புவெளியில் எங்கள் வீட்டு வளவில் நானே பலகை அறுத்து, நானே ஆணி அடித்து, பிழைகளையும் நானே விட்டு, மூன்று முறை கோழிக்கூடு கட்டியிருக்கிறேன். முதல் இரண்டும் ஏன் பிழையாகிப்போயின என்று சொன்னால், இந்த ஆவணியில் கூடு கட்ட நினைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் மரமும் பணமும் மிஞ்சுமே என்ற எண்ணத்தில்தான் நிலையத்தாரின் அழைப்பை ஏற்றுக்கொண்டேன்.

முதற் கூட்டின் பிழை வலையில் இருந்தது. கடற்கரை ஊரில் பழைய நைலோன் மீன்வலை சும்மா கிடைக்கும் என்பதால், நான்கு கப்பு நட்டுச் சுற்றிவர அதையே கட்டினேன். ஒரு மாதம் தாண்டவில்லை. ஓர் இரவு மரநாய் வலையைக் கடித்துப் புகுந்து நான்கு பேடுகளைக் கொன்றுபோட்டது. மீன்வலை பகலில் காகத்துக்கும் பருந்துக்கும் மேலே விரித்துவிட நல்லது. இரவுக் காவலுக்கு உதவாது. குஞ்சுகளின் காலும் கழுத்தும் அதில் சிக்கும் என்பது வேறு கதை. அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலையும் கோழியை உள்ளே வைத்திருக்குமே தவிர, கீரியை வெளியே வைத்திருக்காது. அரை அங்குலச் சதுரக் கண் கொண்ட, துத்தநாகம் பூசிய கம்பிவலையே வேண்டும். விலை கூடத்தான். ஆகவே முழுக் கூட்டுக்கும் அதை வாங்க முடியாதவர்கள் தரையிலிருந்து இரண்டடி உயரம் வரைக்கும் பலகை அடித்து, மீதியை மாத்திரம் கம்பிவலையால் மூடலாம். கதவுக்குச் சாதாரணக் கொளுவி போதாது, ஆணியொன்றைக் குறுக்கே செருகிவிடுங்கள்; மரநாய்க்குக் கை வேலை தெரியும்.

இரண்டாவது கூட்டைத் தேவையான கம்பிவலையோடு உறுதியாகவே கட்டினேன். ஆனால் ஒரு பக்கச் செலவை மிச்சம் பிடிக்கலாமென்று மதிலோடு ஒட்டிக் கட்டிவிட்டேன். மதிலுக்கு அப்பால் ஆறடியில் பக்கத்து வீட்டாரின் படுக்கையறை யன்னல் இருந்தது. அந்த வீட்டுத் தங்கச்சி தாதியாக வேலை செய்பவர். இரவு வேலை முடித்துக் காலையில் வந்து படுப்பவர். ஆறு மாதம் பொறுத்திருந்து, ஒருநாள் மதிலருகே வந்து, "அண்ணை, உங்கட சேவலுக்கு இரவு எது, பகல் எது என்டு ஆராவது சொல்லிக் குடுக்கக் கூடாதோ?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

வெட்கத்தில் நான் செய்த காரியத்தைத்தான் இன்று முக்கியமாகச் சொல்ல வேண்டும். சத்தம் வெளியே போகக்கூடாது என்பதற்காகக் கூட்டின் நான்கு பக்கமும் தகரம் அடித்து, இடைவெளிகளில் பொலித்தீன் திணித்து மூடினேன். அது கச்சான் காற்று வீசும் ஆடி மாதம். மறுநாள் காலை கதவைத் திறந்தபோது கோழிகள் அலகை விரித்து, செட்டையை உடலிலிருந்து விலக்கி மூச்சுவாங்கிக்கொண்டு நின்றன. எச்சத்திலிருந்து எழுந்த அமோனியா நெடியில் என் கண்ணே எரிந்தது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. ஏறக்குறைய 41 பாகை செல்சியஸ் உடற்சூட்டை அது மூச்சினாலும், உடம்பைத் தொட்டுப்போகும் காற்றினாலுமே தணித்துக்கொள்ள வேண்டும். நம் ஊர்க் காலநிலை கூட்டைத் திறந்து வை என்கிறது, அயலவரின் உறக்கமோ மூடு என்கிறது. இந்த இரண்டையும் ஒரே பெட்டிக்குள் தீர்க்க முயன்றதுதான் என் பிழை. பேடுகள் கூவுவதில்லையே, அவற்றை ஏன் அடைத்துப் புழுங்க வைக்க வேண்டும்?

எனவே மூன்றாவது முறை, பேடுகளுக்கு ஒரு திறந்த வீடும் சேவலுக்குத் தனியாக ஓர் இரவுப் பெட்டியுமாகக் கட்டினேன்.

பேடுகளின் வீட்டைப் பற்றி முதலில் சொல்கிறேன். அவிழ்த்துவிட்ட கோழி பொழுதுபட்டதும் முருங்கையிலோ பூவரசிலோ ஏறிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். காட்டுக்கோழியின் வழிவந்த அதற்கு உயரமும் காற்றும் நனையாத இடமும் இருந்தால் போதும். கூடு என்பது கதவு வைத்த மரம் என்று எண்ணிக்கொண்டால் அளவுகள் தாமாகவே வரும். தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் தளம், தளத்தில் பனஞ்சிலாகைகளை எச்சம் கீழே விழும் அளவு இடைவெளி விட்டு அடித்தது, பகலில் வெளியே மேயும் கோழியென்றால் ஒன்றுக்கு 3 முதல் 4 சதுர அடி இடம், ஏறி உறங்கும் தடியில் ஒன்றுக்கு 8 முதல் 10 அங்குலம். தடி முட்டைக் கூடையைவிட உயரமாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அவை கூடைக்குள்ளேயே படுத்து முட்டையை அழுக்காக்கும். முட்டையிடுவதற்கு நான்கைந்து பேடுகளுக்கு ஒன்று வீதம், வைக்கோல் போட்ட பழைய கடகம் போதும். கூட்டின் கால்களின் அடியில் தகரப்பேணி வைப்பவர்கள் அதற்குள் கழிவு எண்ணெயை ஊற்றுங்கள்; தண்ணீர் ஊற்றினால் எறும்பு வராது, டெங்கு நுளம்பு வரும்.

நீளப்பக்கம் கிழக்கு மேற்காக ஓடினால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய முனைகளில் மட்டும் விழும். வடகிழக்கிலிருந்து மழை சாய்ந்து அடிப்பதால் வடக்கு நீளப்பக்கத்தைப் பலகையால் அடைத்து, தெற்கைக் கம்பிவலையோடு திறந்து விட்டேன். கூரைக்கு எது நல்லது என்ற வாதம் எங்கள் ஒழுங்கையில் இன்னும் முடியவில்லை. தகரம் சூடேறும். கிடுகு குளிர்ச்சிதான், ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும், பகலில் ஒளிந்திருந்து இரவில் கோழியின் இரத்தம் குடிக்கும் செவ்வுண்ணிக்கும் அது அரண்மனை. தகரத்தைப் போட்டு அதன்மேல் கிடுகு வேய்ந்தால் உண்ணிக்கும் கோழிக்கும் நடுவே தகரம் நிற்கும். என் கூரை அப்படித்தான்.

இனிச் சேவலுக்கு வருவோம். சூரியன் வந்த பிறகுதான் சேவல் கூவும் என்று பலர் நம்புகிறார்கள். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், மங்கலான வெளிச்சம் மாறாமல் வைத்த அறையிலும் சேவல்கள் ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒருமுறை தம் நேரத்துக்குக் கூவின. உடம்புக்குள்ளேயே அவற்றுக்குக் கடிகாரம் இருக்கிறது. 2015இல் அதே குழுவினர், சேர்ந்திருக்கும் சேவல்களில் மூத்த இடத்தில் இருப்பதே முதலில் கூவும் என்றும், மற்றவை தம் வரிசைப்படி தொடரும் என்றும் காட்டினர். ஆகவே இருட்டு மட்டும் சேவலை அடக்காது. ஆயினும் தெருவிளக்கும் வாகன வெளிச்சமும் பிற சத்தங்களும் அதனைத் தூண்டிவிடுவதால், அவற்றை மறைத்தால் நள்ளிரவுக் கூவல் குறையும். இரண்டு சேவல் வைத்திருப்பவர், தன் வளவுக்குள்ளேயே ஒரு போட்டியை நடத்துகிறார் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

முழுக் குரலில் கூவுவதற்குச் சேவல் கழுத்தை நிமிர்த்த வேண்டும். அதனால் இரவுப் பெட்டியின் உட்கூரையைத் தாழ்த்தினேன். இயல்பாக நிற்கும்போது தலைக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். என் நாட்டுச் சேவலுக்கு அது 17 அங்குலமாக வந்தது. திரும்பிப் படுக்க அகலம் தாராளமாக இருக்கட்டும். சுவர் இரட்டைப் பலகை, நடுவே பழைய தும்பு மெத்தையின் துண்டுகள். காற்று தளத்தின் கம்பிவலை வழியாகக் கீழிருந்து ஏறி, ஒன்றையொன்று மறைக்கும் இரண்டு வரிசைப் பலகைகளுக்கு இடையால் மேலே வெளியேறும். காற்று வளைந்து போகும், வெளிச்சம் வளையாது. பொழுதுபட்ட பின் உள்ளே விட்டு, காலை ஆறரைக்குத் திறந்துவிட வேண்டும். பகலில் அதற்குள் அடைப்பது கொடுமை, அந்த வெக்கையில் செத்தும்போகும். கூவாமல் இருக்கச் சேவலின் கழுத்தில் பட்டி இறுக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை.

ஆனால் நமது தங்கச்சி பகலில் உறங்குபவர். பெட்டி அவருக்கு என்ன செய்யும்? அங்கேதான் தூரம் உதவியது. கூவும் சேவலுக்கு அருகே ஒலி 100 டெசிபெலைத் தாண்டும். அது அலகைத் திறக்கும்போது அதன் காதுத் துளை தானாகவே அடைபட்டுவிடும். அந்த வசதி அயலவருக்குக் கிடையாது. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபெல் குறையும். 2 மீற்றரில் இருந்த கூட்டை 16 மீற்றருக்கு நகர்த்தினால் 18 டெசிபெல் போய்விடும். நான் வாங்கிய எந்தத் தகரமும் அவ்வளவு வேலை செய்யவில்லை. வளவின் கடற்பக்க மூலைக்கே கூட்டைக் கொண்டுபோனேன். அதிகாலையில் கரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசுவதால் கூவலின் பெரும்பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. மாரியில் வாடைக்காற்று அதைத் திருப்பிக் கொண்டுவரும். அப்போது அலை போடும் இரைச்சலில் அது பெரிதாகத் தெரிவதில்லை. உப்புக்காற்றில் கம்பிவலை சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்பதுதான் இதற்கு நான் கொடுக்கும் விலை.

இன்னொன்று. முட்டை மட்டும் போதுமென்றால் சேவலே தேவையில்லை. சேவல் இல்லாமலும் பேடு முட்டையிடும், குஞ்சுதான் பொரிக்காது. குஞ்சு வேண்டுமென்றால் எட்டுப் பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் தாராளம். நான்கைந்து மாதத்தில் இளஞ்சேவல்கள் உடைந்த குரலில் கூவிப் பழகத் தொடங்கும்போது, எதை வைத்திருப்பது, எதை விற்பது, எதைக் கறிக்கு விடுவது என்று வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் நமக்கு வடக்கே கரையைக் கடந்தபோது, உயரத்தில் நிற்கும் இலேசான கூட்டுக்கு எவ்வளவு காற்றுப் பிடிக்கும் என்று கண்டுகொண்டேன். கப்பு இரண்டடி ஆழமாவது போக வேண்டும். நிலத்துக்குள் போகும் பகுதிக்குக் கறையானுக்காகக் கழிவு எண்ணெய் பூசி, கூரைத் தகரத்தைக் கம்பியால் கப்போடு சேர்த்து முறுக்கிக் கட்டுங்கள். ஐப்பசி மழைக்கு முன் மண் இறுகிவிட வேண்டுமென்றால், குழி வெட்டும் வேலையை இந்த மாதமே தொடங்குவது நல்லது.

நன்றி, வணக்கம்.