உங்கள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் முன்னாள் துணைவேந்தர் அவர்களே, வாழ்த்துரைக்கு ஒதுக்கிய நேரத்துக்குள் வாழ்த்தி முடித்த நீதியரசர் அவர்களே (மேடைகளில் இது அபூர்வம், அதனால் தனியாகச் சொல்கிறேன்), வரவேற்புரையில் என்னைப் பற்றி எனக்கே தெரியாத பல செய்திகளைச் சொன்ன செயலாளர் அவர்களே, மாலையோடு நிறுத்தாமல் சால்வையும் போட்ட பொருளாளர் அவர்களே, முன்வரிசைப் புலவர் பெருமக்களே, கதவுக்குப் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கும் இளைஞர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பெயரைப் பற்றிப் பேச வந்தவன் ஒருத்தர் பெயரையும் சொல்லாமல் பதவிகளாகவே அடுக்கிக்கொண்டு போகிறானே என்று சிலர் நினைக்கலாம். இந்தத் தலைப்பை வைத்துக்கொண்டு தலைவர் பெயரில் ஒரு ளகரத்தை லகரமாக்கிவிட்டேன் என்று வையுங்கள், அப்புறம் நான் என்ன பேசினாலும் எடுபடாது. அதுதான் காரணம்.

தலைவரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். விழா தொடங்கும் முன்னால் அவர் எங்கே இருந்தார் தெரியுமா? பரிசு வாங்க வந்திருக்கும் பிள்ளைகளிடம் ஒவ்வொருவராகப் போய், "உன் பெயரை ஒரு தடவை சொல்லும்மா" என்று கேட்டுத் தன் தாளில் குறித்துக்கொண்டிருந்தார். நான் சொல்ல வந்ததை அவர் செய்தே முடித்துவிட்டார். ஆனாலும் சால்வை போட்டுவிட்டார்களே, பேசித்தானே ஆக வேண்டும்.

மூன்று விஷயங்கள் பேசப் போகிறேன். ஒன்று, காது. இரண்டு, எழுத்து. மூன்று, யாராலும் சொல்ல முடியவில்லை என்று பெயரையே மாற்றிக்கொள்கிறவர்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே பழமொழிதான்: சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். என் பேச்சை முன்பே கேட்டவர்களுக்கு இது வரும் என்று தெரியும். பரவாயில்லை, இன்றைக்கும் வரும், ஒரு தடவைக்கு மேலேயே வரும்.

முதலில் காது. 1984-இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியிலிருந்து இரண்டு ஒலிகளைப் போட்டுக் காட்டினார்கள். நாக்கு பல்லைத் தொடும் த, நாக்கு மேலே மடங்கும் ட. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை வித்தியாசத்தைச் சட்டென்று பிடித்துவிட்டன. பத்து, பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது பிடிபடவில்லை. தன் வீட்டு மொழிக்கு எது தேவையோ அதை வைத்துக்கொண்டு மற்றதைக் காது தள்ளிவிடுகிறது, அதுவும் நடக்கப் பழகுவதற்குள். ஆகவே தாமரை என்ற பெயரை ஒருவர் டாமரை என்று கூப்பிட்டால், முதல் தடவையிலேயே அவர் மேல் பாயாதீர்கள், அவர் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுகின்றன. ஜப்பானியருக்கு ரகரமும் லகரமும் இப்படித்தான். நாம் மட்டும் என்ன யோக்கியம்? ஃபாத்திமாவைப் பாத்திமா ஆக்குகிறோம், போஸ், கோஷ் என்ற வங்காளப் பெயர்களின் முதல் எழுத்தை அவர்கள் சொல்வதுபோல எத்தனை பேர் சொல்கிறோம்?

இதோடு அழுத்தம் வேறு. தமிழில் சரவணன் என்றால் எல்லா எழுத்தும் ஏறக்குறைய சமமாக நடக்கும். ஆங்கிலக்காரர் ஏதாவது ஓர் இடத்தில் ஓங்கித் தட்டுவார், மற்றவற்றை விழுங்குவார். "சர-வாஆ-ணன்" என்பார். அது அவர் மொழியின் நடை. ஆனால் இந்தக் காது பூட்டுப் போட்டுக்கொண்டதல்ல. 1991-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், வயது வந்த ஜப்பானியருக்கே பல குரல்களில் ஆங்கில ர, ல சொற்களைப் போட்டுக்காட்டிப் பயிற்சி கொடுத்ததில் முன்னேற்றம் தெரிந்தது. நாப்பழக்கம் என்று சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை, காதுப் பழக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். புலவர்கள் மன்னிக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை, நம் பெயர் மட்டும் எந்தச் சத்தத்திலும் நமக்குக் கேட்டுவிடும். 1959-இல் நெவில் மோரே என்பவர் ஒரு காதில் ஒரு பேச்சைக் கொடுத்து, அதையே திருப்பிச் சொல்லச் செய்து, கவனிக்காத மறு காதில் அவரவர் பெயரை நுழைத்துப் பார்த்தார். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது எட்டிவிட்டது. ஆனால் அது நம் பெயர் மாதிரி இருந்தால்தானே எட்டும்?

என் நண்பர் ஒருவர் கதையைக் கேளுங்கள். அவர் பெயரை மேடையில் சொல்ல அனுமதி வாங்கவில்லை. ஞகரத்தில் ஆரம்பிக்கும், நடுவில் ஒரு ழகரம் உண்டு, மீதியை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் ஒரு விமான நிலையம். மனிதர் எதிலும் முன்ஜாக்கிரதைக்காரர், மூன்று மணி நேரம் முன்னாலேயே போய் வாசலுக்கு எதிரிலேயே இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார். கையில் சுடோக்கு புத்தகம். அவர் சுடோக்கு போட ஆரம்பித்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் "இரு, இந்த ஏழு எங்கே போகும்னு பார்த்துக்கிறேன்" என்பார், அது தனிக் கதை. ஒலிபெருக்கியில் ஒரு பெயர் வருகிறது. நீளமான பெயர். பக்கத்தில் இருந்தவரிடம், "யாரோ கிரேக்கர் போலிருக்கு" என்றார். மறுபடியும் அதே பெயர், இந்தத் தடவை வேறு மாதிரி. "இது வேற ஆள், போலந்துக்காரர்" என்றார். மூன்றாவது தடவை, இறுதி அழைப்பு. நம்மவருக்குக் கோபமே வந்துவிட்டது. "எவ்வளவு பொறுப்பில்லாத மனுஷன் பாருங்க, ஒருத்தனால இருநூறு பேர் காத்திருக்கணும்!" (சிரிப்பு) சிரிக்காதீர்கள், இன்னும் முடியவில்லை. கடைசியில் ஒரு பெண் ஊழியர் கையில் தாளோடு ஒவ்வொருவரிடமாக வந்து, இவரிடமும் நீட்டினார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "அட, இது நான்தான்!"

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த இடம். அந்தப் பெண் திட்டவில்லை. "இதை எப்படிச் சொல்ல வேண்டும்?" என்று கேட்டார். இவர் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடியபடியே சொன்னார். அவர் கூடவே ஓடியபடி திருப்பிச் சொன்னார், வரவில்லை. மறுபடி சொன்னார், ஞகரம் வந்துவிட்டது, ழகரம் வரவில்லை. விமானக் கதவு வரைக்கும் பாடம் நடந்தது. கதவருகில் கடைசியாக ஒரு தடவை சொன்னாராம் பாருங்கள், "எங்க மாமியார்கூட இவ்வளவு சுத்தமா சொன்னதில்லை" என்கிறார் நண்பர். நுழைவாயிலிலிருந்து விமானக் கதவு வரைக்கும் ஓடிய நேரம், அவ்வளவுதான் பிடித்தது. சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். (கைதட்டல்) நன்றி, நன்றி. நேரமாகிறது என்று செயலாளர் சைகை காட்டுகிறார், எழுத்துக்கு வருகிறேன்.

பாதிக் கோளாறு எழுத்தில் இருக்கிறது. ழகரத்துக்கு ஆங்கிலத்தில் இசட், எச் இரண்டையும் சேர்த்துப் போடுவது தமிழ்நாட்டு வழக்கம். இதைத் தமிழ் தெரியாத ஒருவர் படித்தால் யாழினி யாஸினி ஆகிவிடுகிறார், எழில் எஸில் ஆகிவிடுகிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, தாளில் இருப்பதைத்தான் வாசிக்கிறார். ஈழம் என்று எழுதும்போது வெறும் எல் போடுகிறோம், அது இன்னொரு வகைச் சிக்கல். லலிதாவுக்கு நாம் போடும் டி (T), எச்-ஐ வட இந்தியர் அழுத்தி மூச்சோடு வாசிப்பார், ஏனென்றால் அவர்களுக்கு நம் த-வுக்கு வெறும் டி போதும். டென்னிஸ் ஜோகோவிச் பெயரை ஆங்கில எழுத்தில் பாருங்கள், முன்னால் ஒரு டி (D) நிற்கும். அது செர்பிய ஒலி ஒன்றைக் காட்ட வைத்த எழுத்து, அதைத் தனியாகப் படித்தவர்கள் டிஜோகோவிச் என்றார்கள். ஆங்கிலத்துக்குள்ளேயே கூத்து உண்டு. சோல்மான்டெலி என்று எழுத்துக்கூட்டிப் படிக்கத் தோன்றும் ஒரு குடும்பப் பெயரை அவர்கள் வாயில் "சம்லி" என்பார்கள். கடவுச்சீட்டில் இயந்திரம் படிக்கும் அடிப்பகுதியில் பெயரை எழுத ஆங்கிலத்தின் 26 பெரிய எழுத்துகளுக்கு மட்டும்தான் இடம், அதற்கும் மொத்தம் 39 கட்டம். மேலே புள்ளி, கீழே கொக்கி வைத்த எழுத்தெல்லாம் அங்கே மொட்டையாகிவிடும்.

பெயர்கள் மொழிக்கு மொழி உருமாறுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. வடசொல்லை எடுத்தால் வடவெழுத்தை விலக்கித் தமிழெழுத்தால் எழுது என்று தொல்காப்பியம் விதி வைத்திருக்கிறது. அந்த வழியில்தான் கம்பரிடம் லட்சுமணன் இலக்குவன் ஆனான், விபீஷணன் வீடணன் ஆனான். ஆபிரகாமும் இப்ராகிமும் ஒரே பெயர்தான். ஆனால் இலக்குவன் வந்து உங்கள் முன்னால் வரிசையில் நின்று "என் பெயரை இப்படிச் சொல்லுங்கள்" என்று கேட்கப் போவதில்லை. உயிரோடு எதிரில் நிற்கிறவர் விஷயம் வேறு. அவர் சொல்வதுதான் சரி.

2014-இல் சீன அதிபர் ஷி ஜின்பிங் இந்தியா வந்திருந்தார். தூர்தர்ஷன் செய்தி வாசிப்பாளர் ஒருவர், ஷி என்பதற்கான எக்ஸ், ஐ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை ரோமன் எண் பதினொன்றாக எடுத்துக்கொண்டு "லெவன் ஜின்பிங்" என்று வாசித்துவிட்டார். நாடே சிரித்தது, அவருக்கு வேலை போனது. எனக்கு அவர்மேல் சிரிப்பு வரவில்லை. அந்தத் தாளில் பெயருக்குக் கீழே எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரே ஒரு வரி இருந்திருந்தால்?

இந்த ஒரு வரிக்காகத்தான் நானும் நண்பர்களும் அலைகிறோம். நாங்கள் அதை ஒலிப்பு வரி என்கிறோம். எந்தப் படிவத்தில் பெயர் கேட்டாலும், அதற்குக் கீழே இன்னொரு வரி: "எப்படிச் சொல்ல வேண்டும்?" பள்ளிச் சேர்க்கைப் படிவம், மருத்துவமனைப் பதிவு, வேலை விண்ணப்பம், விழாவில் பரிசு பெறுகிறவர் பட்டியல், எல்லாவற்றிலும். இது புதுசு இல்லை. பிபிசி 1926-லேயே பேச்சு ஆங்கிலத்துக்கு ஆலோசனைக் குழு வைத்தது, பிறகு உச்சரிப்புக்கென்றே தனிப் பிரிவு வந்தது. 2020-இல் லிங்க்ட்இன் தளம், அவரவர் பெயரை அவரவர் குரலிலேயே பத்து நொடி பதிவு செய்துவைக்க வழி செய்தது.

எல்லாப் பெயரும் எல்லோர் வாயிலும் வந்துவிடுமா என்று கேட்பார்கள். வராது. வியட்நாமியரில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஙகரத்தில் தொடங்கும் ஒரே குடும்பப் பெயர். நம்மிடம் அந்த எழுத்தே இருக்கிறது, ஆனால் சொல்லின் முதலில் போடுவதில்லை, அதனால் நுயென் என்கிறோம். முயன்று பார்த்து வராமல் போவது ஒன்று. முயலாமல் கேலி செய்வது வேறு. 2020 அக்டோபரில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு தேர்தல் மேடையில் ஒரு செனட்டர் கமலா ஹாரிஸ் பெயரை விதவிதமாகத் திரித்து, கடைசியில் எதுவோ ஒன்று என்று முடித்தார். கூட்டம் சிரித்தது. இரண்டு பேரும் ஒரே அவையில் மூன்று ஆண்டுக்கு மேல் ஒன்றாக இருந்தவர்கள்! வாய் தவறிவிட்டது என்று பிறகு அவர் தரப்பில் விளக்கம் வந்தது. 2024-இல் சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் கமலாவின் தங்கை பேத்திகள் இரண்டு பேர் மேடைக்கு வந்து, அரங்கத்தில் ஒரு பாதியைக் "காமா" என்றும் மறு பாதியை "லா" என்றும் சொல்லவைத்தார்கள். நம் காதுக்கு அதுகூட கமலா இல்லைதான். இருக்கட்டும். அவர் தன் பெயரை அப்படித்தான் சொல்கிறார், அப்படியென்றால் அதுதான் சரி. நம் தமிழ்ப் பெருமையை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டியதில்லை.

சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்த் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து தடவை உலக சாம்பியன். அவர் பெயர் ஆனந்த், விஸ்வநாதன் அப்பா பெயர். உலகம் அவரைச் செல்லமாக விஷி என்கிறது, அதாவது அப்பா பெயரைச் சுருக்கிக் கூப்பிடுகிறது. ஒலிப்பு வரியிலேயே "எந்தப் பெயரால் கூப்பிட வேண்டும்" என்பதையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறோம்.

மூன்றாவது விஷயம், பெயரையே மாற்றிக்கொள்கிறவர்கள். அதற்குத் தனிக் கூட்டமே போட வேண்டும், செயலாளர் இப்போது எழுந்தே நின்றுவிட்டார். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வாசலில் மேசைமேல் மனு இருக்கிறது. கல்வித் துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் தனித்தனியாக. முதல் கையெழுத்தைத் தலைவர் போட்டுவிட்டார், இரண்டாவது நீதியரசர். உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒலிப்பு வரி ஒன்றும் விட்டிருக்கிறோம், அதையும் நிரப்புங்கள். நாப்பழக்கத்துக்கு நாங்கள் வாசலிலேயே ஆள் நிறுத்தியிருக்கிறோம், தப்பாகச் சொன்னால் திருத்துங்கள். பேனா பற்றாக்குறை, இருப்பவர்கள் கையோடு கொண்டுவாருங்கள். வணக்கம்.